வார்சா அரண்மனையைத் தூக்கிச் சென்றவர்கள்

விஸ்துலா நதியைக் கடந்து வரும் டிராம், சுரங்கப்பாதைக்குள் நுழைவதற்கு முன்னால் ஒரு நிறுத்தத்தில் நிற்கிறது. வார்சாவின் பழைய நகருக்குப் போகிறவர்கள் அங்கே இறங்கிக்கொள்ளலாம். பக்கத்திலேயே ஒரு வீடு. அதன் உள்ளே நகரும் படிக்கட்டு. 1949-இல் ஆற்றின் இரு கரைகளையும் இணைக்கும் சாலையைப் போட்டபோது இதையும் சேர்த்தே அமைத்திருக்கிறார்கள். ஏறி வெளியே வந்தால் நேராக அரண்மனைச் சதுக்கம். நடுவில் உயரமான கல் தூண், அதன் உச்சியில் சிலுவையும் வாளும் ஏந்திய மூன்றாம் ஸிக்மண்ட் மன்னர். அவருக்குப் பின்னால், செம்மண்ணில் பால் கலந்தது போன்ற நிறத்தில் அந்த நீண்ட அரண்மனை.

தலைநகரைக் கிராக்கோவிலிருந்து வார்சாவுக்குக் கொண்டுவந்தவர் இந்த ஸிக்மண்ட்தான். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிருந்த சிற்றரசர்களின் பழைய கோட்டையை ஐந்து பக்கங்கள் கொண்ட அரண்மனையாக விரித்துக் கட்டினார். 1644-இல் அவருடைய மகன் தந்தைக்கு இந்தத் தூணை எழுப்பினார். ஆனால் இன்று நிற்பது அந்தத் தூண் இல்லை. அரண்மனையின் ஓரமாகப் புல்தரையில் இரண்டு பெரிய கல்தண்டுகள் உடைந்து கிடக்கின்றன. ஒன்று 1644-இல் நிறுத்திய பளிங்குத் தண்டு. அது பழுதடைந்ததால் 1887-இல் மாற்றி வைத்த கிரானைட் தண்டு மற்றொன்று. 1944 செப்டம்பர் தொடக்கத்தில் ஜெர்மானியர்கள் சுட்டு வீழ்த்தியது இந்த இரண்டாவதை. மன்னரின் வெண்கலச் சிலை அடிபட்டாலும் தப்பியது. 1949 ஜூலையில் மூன்றாவது தண்டின் மேல் அவரை மறுபடி ஏற்றினார்கள். இறந்த தூண்களை அப்புறப்படுத்தாமல், உயிரோடு நிற்கும் தூணுக்கு அருகிலேயே கிடத்தியிருப்பது எனக்குப் பிடித்திருந்தது. என்ன நடந்தது என்பதை வந்தவுடனே சொல்லிவிடுகிறார்கள்.

புறப்படும் முன்பே ஒரு கேள்வி மனதில் இருந்தது. 1971-க்குப் பிறகு கட்டிய கட்டடத்தைப் பழைய அரண்மனை என்று எப்படிச் சொல்வது? ஐரோப்பாவில் இந்த வாதம் ஓயாமல் நடக்கிறது. அழிந்தது அழிந்ததுதான், அதைத் திரும்பக் கட்டுவது நாடக மேடை போடுவது போன்றது என்று கட்டடக்கலை வல்லுநர்களிலேயே பலர் சொல்கிறார்கள். நானும் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்தே போனேன். இந்த அரண்மனையின் 1939-ஆம் ஆண்டுக் கதையை முழுவதுமாகத் தெரிந்துகொண்ட பிறகு அந்தச் சாய்வு நிற்கவில்லை.

1939 செப்டம்பர் 1 அன்று ஜெர்மனி போலந்தின் மேல் பாய்ந்தது. அடுத்த சில நாட்களிலேயே வார்சா முற்றுகைக்குள் வந்துவிட்டது. செப்டம்பர் 17 அன்று பீரங்கிக் குண்டுகள் அரண்மனையில் விழுந்தன. கூரை பற்றியது. கோபுரத்தின் உச்சி எரிந்து சரிந்தது. கோபுரக் கடிகாரம் 11:15-இல் நின்றது. பெரிய மண்டபத்தின் விதானத்தில் பச்சியரெல்லி வரைந்த ஓவியம், படைப்புக்கு முந்தைய குழப்பத்திலிருந்து உலகம் பிரிந்து எழும் காட்சி, மண்ணோடு போயிற்று. அரண்மனைக் கலைப்பொருட்களின் காப்பாளர் கசிமியேர்ஸ் ப்ரோக்ல் அன்றைக்கே குண்டுச் சிதறலுக்குப் பலியானார். கலைப்பொருளைக் காக்கும் வேலையிலிருந்தபோது அவர் இறந்தார் என்பதை இந்தக் கட்டடத்துக்குள் நடக்கும் எவரும் மறக்கக்கூடாது.

மீட்பு அந்த நெருப்பினூடேயே தொடங்கியது. தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஸ்தானிஸ்லாவ் லோரென்ட்ஸ், அருங்காட்சியக ஊழியர்களையும் கிடைத்த தன்னார்வலர்களையும் திரட்டிக்கொண்டு ஓவியங்களையும் சிலைகளையும் தள்ளுவண்டிகளிலும் லாரிகளிலும் ஏற்றி அனுப்பினார். நகரம் சரணடைந்த பிறகும் அந்த வேலை நிற்கவில்லை, இன்னும் ஆபத்தானதாக மாறியது. அரண்மனையை வெடிவைத்துத் தகர்க்க வேண்டும் என்று அக்டோபரிலேயே முடிவாகிவிட்டது. ஆக்கிரமிக்கப்பட்ட போலந்துக்கு ஹிட்லர் நியமித்த ஆளுநர் ஹான்ஸ் ஃபிராங்க் அரண்மனைக்கு வந்தார். சிம்மாசனத்தின் பின்திரையில் வெள்ளி இழையால் தைத்திருந்த போலந்துக் கழுகுகளைத் தன் கையாலேயே பிய்த்து எடுத்தார். ஒரு நாட்டை ஆள வந்தவர் செய்த முதல் வேலைகளில் இது ஒன்று. இந்தக் கட்டடம் என்னவாக இருந்தது என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. 1791 மே 3 அன்று போலந்தின் அரசியலமைப்புச் சட்டம் நிறைவேறிய செனட் மண்டபம் இங்கேதான் இருக்கிறது. ஐரோப்பாவில் நவீன முறையில் எழுதப்பட்ட முதல் அரசியலமைப்பாகப் பலரும் கருதுவது அதைத்தான். போலந்து என்று ஒரு நாடு இருந்தது என்பதற்கான ஆதாரம் இந்தச் சுவர்கள். வார்சாவைச் சிறிய ஜெர்மானிய ஊராகச் சுருக்க நாஜிகள் வரைந்த திட்டத்தில், அரண்மனை இருந்த இடத்தில் அவர்களுக்கான கூட்ட மண்டபம் வருவதாக இருந்தது.

ஜெர்மானியர்கள் மிச்சக் கூரையைப் பிரித்தார்கள். விலையுள்ளதாகப் பட்டதையெல்லாம் கொண்டுபோனார்கள். வெடிமருந்து திணிக்கச் சுவர்களின் அடிப்பகுதியில் ஆயிரக்கணக்கான துளைகள் போட்டார்கள். அக்காலப் புகைப்படங்களில் அந்தத் துளைகள் வரிசை தப்பாமல் தெரிகின்றன. எங்கே துளைத்தால் சுவர் விழும் என்று கணக்குப் போட்ட பொறியாளர்கள் இருந்திருக்கிறார்கள். கட்டுவதற்குப் படித்த படிப்பை அதற்குச் செலவிட்டிருக்கிறார்கள்.

அதே சுவர்களுக்குள்தான் லோரென்ட்ஸின் ஆட்களும் இருந்தார்கள். கதவு நிலைகள், சுவர்ப் பலகைகள், தரையில் பாவிய மரத்துண்டுகள், பளிங்குக் கணப்படுப்புகள், சுண்ணச் சிற்ப வேலையின் துண்டுகள், பொன்முலாம் பூசிய செதுக்கல்கள் என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றினார்கள். கழற்ற முடியாததிலிருந்து ஒரு சிறு பகுதியையாவது பெயர்த்து எடுத்தார்கள். கட்டடக்கலைஞர்கள் அறைகளை அளந்தார்கள், வரைந்தார்கள், படம் பிடித்தார்கள். பிடிபட்டால் மரணம். போர் எப்போது முடியும் என்றோ, முடிந்தால் போலந்து என்று ஒன்று மிஞ்சுமா என்றோ அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட நாளில் ஒருவர் ஒரு சுண்ணப் பூவேலையின் துண்டைத் துணியில் சுற்றிக் கொண்டுபோகிறார் என்றால், இந்தச் சுவர் மறுபடி எழும், அப்போது இந்தப் பூவின் அளவு தேவைப்படும் என்று நம்பித்தான் கொண்டுபோகிறார். அதனால்தான் சொல்கிறேன்: வார்சா அரண்மனையின் மறுகட்டுமானம் தொடங்கிய ஆண்டு 1971 அல்ல, 1939.

துளைகள் போட்டார்களே தவிர, உடனே வெடிக்கவில்லை. துளைத்த சுவர்களோடு அரண்மனை ஐந்து ஆண்டுகள் கூரையில்லாமல் நின்றது. 1944 ஆகஸ்ட் 1 அன்று வார்சா மக்கள் ஆயுதம் ஏந்தினார்கள். எழுச்சி 63 நாட்கள் தாக்குப்பிடித்தது. அது நடந்துகொண்டிருந்த செப்டம்பரிலேயே ஜெர்மானியர்கள் பழைய துளைகளில் வெடிமருந்தை நிரப்பி அரண்மனையைத் தகர்த்தார்கள். எழுச்சி அடங்கிய பிறகு, எஞ்சிய மக்களை வெளியேற்றிவிட்டு, தெருத் தெருவாக, வீடு வீடாக எரித்தார்கள். அரண்மனையில் தப்பியது சொற்பம்: நிலவறைகள், ஆற்றுச் சரிவில் இருந்த வளைவு மண்டபங்கள், இடைக்காலக் கோபுரத்தின் அடிப்பகுதி, சுவர்த் துண்டு ஒன்று. அந்தத் துண்டில் ஒரு சன்னல் இருந்தது. 1920-களில் அரண்மனையில் குடியிருந்து அங்கேயே காலமான எழுத்தாளர் ஸ்தெஃபான் ஜெரோம்ஸ்கியின் வீட்டுச் சன்னல் அது. இன்று புதுச் சுவரின் நடுவே அந்தப் பழைய சுவரையும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

வரைபடங்கள் தப்பிய கதை வேறு. வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைத் துறையினர் போருக்கு முன்பிருந்தே நகரின் பழைய கட்டடங்களை அளந்து வரைந்து சேர்த்துவந்தார்கள். ஆக்கிரமிப்புக் காலத்தில் மறைவாகவும் அதைத் தொடர்ந்தார்கள். எழுச்சி வீழ்ந்த பிறகு, எரிந்துகொண்டிருந்த நகரிலிருந்து அந்தக் காகிதங்களை வெளியே கடத்தி, பியோத்ர்கோவ் ஊரில் இருந்த மடாலயம் ஒன்றில் ஒளித்துவைத்தார்கள். இந்த வேலையின் மையத்தில் இருந்தவர்களில் ஒருவர் யான் சஹ்வதோவிச். போருக்குப் பின் நினைவுச்சின்னங்களின் தலைமைக் காப்பாளராக அவர் பொறுப்பேற்றார். அழிந்த சின்னத்தை அப்படியே கட்டக்கூடாது என்பது அவர் படித்த துறையின் விதி. இயற்கையாலோ காலத்தாலோ அழிந்தால் அந்த விதி சரி, ஒரு மக்களின் நினைவைத் துடைக்க என்றே திட்டமிட்டு அழித்தால் அதற்கு விதியைக் காட்டி இணங்கிப்போக முடியாது என்று அவர் வாதிட்டார். பழைய நகரம் 1950-களில் எழுந்தது அந்த வாதத்தின் மேல்தான். போர்க்காலத்தில் தாக்கக்கூடாத பண்பாட்டுச் சின்னங்களின் மேல் இன்று உலகெங்கும் வைக்கும் நீல, வெள்ளைக் கேடய அடையாளத்தை, 1954-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கைக்காக வரைந்தவரும் அவரே.

பழைய நகர வீடுகளைக் கட்டும்போது பெல்லோட்டோவின் ஓவியங்கள் பெரிதும் உதவின. வெனிஸில் பிறந்த பெர்னார்டோ பெல்லோட்டோ, கடைசி மன்னர் ஸ்தானிஸ்லாவ் ஆகஸ்டின் அரசவை ஓவியர். தன் மாமாவின் பெயரான கனலெட்டோவையே தானும் வைத்துக்கொண்டவர். அவர் வரைந்த 22 வார்சாக் காட்சிகள் அரண்மனையில் ஒரு தனி அறையை நிறைக்கின்றன. ஜெர்மானியர்கள் கொண்டுபோய், போருக்குப் பின் திரும்பியவை அவை. தெருவில் தண்ணீர்ப் பீப்பாய் இழுக்கும் குதிரை, படியில் உட்கார்ந்திருக்கும் பிச்சைக்காரர், சன்னலில் உலரும் துணி வரை எல்லாம் இருக்கிறது. சில கட்டடங்களை அவர் உள்ளதைவிடக் கொஞ்சம் அழகாக்கியும் வரைந்தார். அந்த அழகு சில வீடுகளில் அப்படியே கல்லாகிவிட்டது. இதை யாரும் மறைப்பதில்லை. மறைக்காதது இன்னொன்றும் உண்டு. வார்சாவைக் கட்டிய செங்கல்லில் ஒரு பகுதி, போருக்குப் பின் போலந்துக்கு வந்துசேர்ந்த வ்ரோட்ஸ்வாஃப் போன்ற ஊர்களின் இடிபாடுகளிலிருந்து வந்தது. அங்கே பழுதுபார்த்து நிறுத்தியிருக்கக்கூடிய வீடுகளும் செங்கல்லுக்காக இடிபட்டன. ஒரு நகரம் எழ மற்றொரு நகரம் விலை கொடுத்தது. வார்சாவின் பெருமையைப் பேசும்போது வ்ரோட்ஸ்வாஃபையும் சொல்ல வேண்டும்.

பழைய நகரம் எழுந்தும் அரண்மனை எழவில்லை. கட்டுவோம் என்று 1949-இலேயே நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தில் தங்கிவிட்டது. மன்னர்களின் மாளிகையைக் கட்டியெழுப்ப கம்யூனிஸ்ட் தலைமைக்கு மனமில்லை. அதிலும் கட்சித் தலைவர் கொமுல்கா ஆட்சியில் இருந்த 14 ஆண்டுகளும் அந்தப் பேச்சுக்கே இடம் இருக்கவில்லை. ஊருக்கு நடுவே, பல் போன குழி போல, அந்த இடம் புல் முளைத்துக் கிடந்தது. லோரென்ட்ஸ் தான் காப்பாற்றிய துண்டுகளை வைத்துக்கொண்டு காத்திருந்தார், எழுதினார், கேட்டுக்கொண்டே இருந்தார்.

1970 டிசம்பரில் பால்டிக் கடலோர நகரங்களில் விலையேற்றத்தை எதிர்த்துத் தெருவுக்கு வந்த தொழிலாளர்களைச் சுட்டார்கள். கொமுல்கா விழுந்தார், அவர் இடத்துக்குக் கியெரெக் வந்தார். 1971 ஜனவரி 20 அன்று அரண்மனையைக் கட்டும் முடிவு வந்தது. சுடப்பட்டவர்களின் ரத்தம் காயாத நாட்களில், மக்களைத் தன் பக்கம் இழுக்க ஒரு அரசு போட்ட கணக்கு அது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அரசு கணக்குப் போட்டதைவிட அதிகமாக மக்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். பணம் பொதுமக்களிடமிருந்து வர வேண்டும் என்று குடிமக்கள் குழு அறிவித்தது. சதுக்கத்தில் உண்டியல் வைத்தார்கள். தொழிற்சாலைகளில் வசூல் நடந்தது. வெளிநாடுகளில் வாழ்ந்த போலந்துக்காரர்கள் பணம் அனுப்பினார்கள். வீட்டிலிருந்த பழைய நாற்காலியை, நகையை, ஓவியத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர்களும் உண்டு. இடிபாட்டை அள்ளத் தன்னார்வலர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள்.

சிம்மாசன அறையில் காவலுக்கு இருந்த முதிய பெண்மணி ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவர். சிறுமியாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் அம்மா தன் கையில் காசைக் கொடுத்து உண்டியலில் போடச் சொல்வார் என்றார். கம்யூனிஸ்ட் அரசு கேட்டதற்காக அம்மா போடவில்லை, தாத்தாவின் தம்பி எழுச்சியில் இறந்தார், அதற்காகப் போட்டார் என்றும் சொன்னார். பிறகு சிம்மாசனத்துக்குப் பின்னால் உள்ள சிவப்புத் திரையைக் கவனிக்கச் சொன்னார். அதில் 86 வெள்ளிக் கழுகுகள். ஃபிராங்க் பிய்த்துப் போட்டவற்றில் ஒரே ஒரு அசல் கழுகு 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து திரும்பக் கிடைத்தது. அதை முன்னால் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தைத்திருக்கிறார்கள்.

கட்டுமானத்தின் தலைமைக் கட்டடக்கலைஞர் யான் போகுஸ்லாவ்ஸ்கி. பழைய துண்டுகளை எங்கே எடுத்தார்களோ அங்கேயே பொருத்துவது என்பதுதான் வேலையின் முதல் விதி. ஒரு கணப்படுப்பில் பாதி பழையது, பாதி புதியது. ஒரு செதுக்கல் மாலையில் நான்கு இலைகள் 18-ஆம் நூற்றாண்டு, மற்றவை 20-ஆம் நூற்றாண்டு. இதற்கென்றே பொன்முலாம் பூசுவோர், சுண்ணச் சிற்பிகள், மரத்தச்சர்கள் என்று ஒரு தலைமுறைக் கைவினைஞர்கள் தேர்ச்சி பெற்றார்கள். போலந்தின் சின்னப் பாதுகாப்புப் பட்டறைகளில் தேறியவர்களைப் பிற்பாடு வேறு நாடுகளும் அழைத்துக்கொண்டன. அழிவு ஒரு தொழிலையே அந்த நாட்டுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

1974 ஜூலை 19 அன்று, காலை 11:15-க்குக் கோபுரக் கடிகாரத்தை மறுபடி ஓடவிட்டார்கள். இன்றும் தினமும் அதே நேரத்தில் கோபுரத்திலிருந்து எக்காளம் ஒலிக்கிறது. 1980-இல் பழைய நகரமும் அரண்மனையும் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. முழுக்கத் திரும்பக் கட்டியதைப் பட்டியலில் சேர்ப்பதா என்ற தயக்கம் அங்கே இருந்தது. பிறகு மறுகட்டுமானத்தையே ஒரு வரலாற்றுச் செயலாக ஏற்றுக்கொண்டார்கள். 1984 ஆகஸ்ட் 31 அன்று அறைகள் பொதுமக்களுக்குத் திறந்தன. சஹ்வதோவிச் அதற்கு முந்தைய ஆண்டு இறந்துபோனார். லோரென்ட்ஸ் இருந்தார். 1939-இல் கழற்றி எடுத்தவை சுவரில் திரும்பப் பொருந்தியதைப் பார்த்துவிட்டு 1991-இல் காலமானார்.

பெரிய மண்டபத்துக்கு வருகிறவர்கள் அண்ணாந்து விதான ஓவியத்தைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது பழைய படங்களைப் பார்த்துத் திரும்ப வரைந்தது. நன்றாகவே வரைந்திருக்கிறார்கள். ஆனாலும் என்னை அதிக நேரம் நிறுத்தியது பக்கத்து வீரர் மண்டபம்தான். காலதேவனான க்ரோனோஸ் ஓர் உருண்டையை முதுகில் தாங்கிக் குனிந்து நிற்கிறார். அந்த உருண்டையின் மேல் அரிவாள் மணி காட்டுகிறது. 1780-களில் மோனால்டி செய்த அந்தச் சிலை நெருப்பிலிருந்து தூக்கிச் சென்று காப்பாற்றப்பட்ட அசல். ஆணி அடிக்கும் சத்தமும் குண்டு விழும் சத்தமும் ஒன்றாகக் கேட்ட நாட்களில், அந்தக் கனத்தை நான்கைந்து பேராவது சேர்ந்துதான் சுமந்திருக்க முடியும். அவர்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் என் கண்ணில் படவில்லை.

ஆகவே நகல் என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. நகல் என்றால், அசல் எங்கோ இருக்க, யாரோ பார்த்துச் செய்தது. இங்கே அசலின் துண்டுகளே சுவருக்குள் இருக்கின்றன. அவற்றைக் கொண்டுபோனவரும் காத்தவரும் திரும்பப் பொருத்தியவரும் ஒரே வரிசையில் வருகிறார்கள். அந்த வரிசை எங்கும் அறுபடவில்லை. வெறும் படத்தைப் பார்த்துச் சுற்றுலாவுக்காக எழுப்பும் கட்டடங்களுக்கு இந்தத் தகுதியைக் கொடுத்துவிட முடியாது. இதே நகரில் 1944 டிசம்பரில் தகர்த்த சாக்சன் மாளிகையைக் கட்ட 2021-இல் சட்டம் இயற்றியிருக்கிறார்கள். அங்கே எஞ்சியது, போர் வீரர் நினைவிடமாக நிற்கும் சில வளைவுகளும் மண்ணுக்கடியில் அடித்தளமும்தான். அது வேறு கேள்வி. அரண்மனையைக் கட்டியதை வைத்து அதற்குப் பதில் சொல்லிவிடக்கூடாது என்பது என் கருத்து.

வார்சா போகிற தமிழர்கள் பெரும்பாலும் ஒரு பகலை இங்கே கழித்துவிட்டுக் கிராக்கோவுக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். அரண்மனைக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். முதலில் மேலே உள்ள மன்னரின் அறைகளுக்கு ஓடாமல், ஆற்றுப் பக்கம் இறங்கி, தப்பிப் பிழைத்த வளைவு மண்டபங்களைப் பாருங்கள். பிறகு மேலே வாருங்கள். ஒவ்வொரு அறையிலும் கணப்படுப்பையும் சுவர்ச் செதுக்கலையும் அருகில் போய்ப் பாருங்கள். எது பழையது, எது புதியது என்று அங்கிருக்கும் காவலர்களைக் கேளுங்கள். மகிழ்ச்சியோடு காட்டுவார்கள்.